எண்ணி முடிக்கும்வரை அந்த மரங்களைத் தொடாதீர்கள்

நீர்நிலைகளையும் மீன்வளத்தையும் காட்டுயிர்களையும் நிர்வகிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

எங்கள் பகுதி நீர்த்தேக்கத்தில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும் மரங்களை வெட்டவும், அங்கே அடைய வரும் பறவைகளை வெடி போட்டு விரட்டவும், தேவைப்பட்டால் சுடவும் நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதியைப் படித்தேன். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருப்பது ஒரே ஒரு கணக்கு. ஒரு நாள் மாலையில் எண்ணிய பறவைகளின் தொகை, ஒரு பறவை ஒரு நாளைக்குத் தின்னும் மீன் அரைக்கிலோ, ஆண்டுக்கு 365 நாள். மூன்றையும் பெருக்கி, வந்த தொகையை மீன்வள இழப்பு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அந்த நீர்த்தேக்கத்தின் நீர்க்காகங்களைப் பல ஆண்டுகளாக எண்ணி வருபவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் எங்கள் பதிவுகளை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வந்திருக்கிறோம். ஆணையைத் தயாரித்தவர்கள் அதில் ஒரு தாளையாவது புரட்டிப் பார்த்திருந்தால், பெருக்கிய மூன்று எண்களில் ஒன்றுகூட நிற்காது என்பது தெரிந்திருக்கும். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் உங்களை யோசிக்க வைக்கக் கோபம் மட்டும் போதாது என்பதால் ஒவ்வொரு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பறவைகளின் தொகை. எண்ணப்பட்டது குளிர்காலத்து மாலை ஒன்றில், பறவைகள் அடையும் நேரத்தில். அந்த நேரத்தில் அங்கே போய் நின்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வரிசை வரிசையாக வரும். ஒரு வரிசை மரத்தில் இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இறங்கியவற்றில் சில மறுபடி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வேறு கிளையில் போய் உட்காரும். புதிதாக எண்ண வருபவர் அதையும் புதுப் பறவை என்று சேர்த்துவிடுவார். அதனால்தான் நாங்கள் ஆளுக்கொரு திசையைப் பிரித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்று, பத்துப் பத்தாக எண்ணிக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்போம். அப்படியும் இருவர் கணக்கு அவ்வளவு எளிதில் ஒத்துப்போகாது. விடியற்காலையில் கிளம்பிப் போகும்போது மறுபடி எண்ணுவோம், அடுத்த நாளும் எண்ணுவோம்.

சரி, அன்று எண்ணியவர் ஒரு பறவையைக்கூட விடாமலும் இரண்டு முறை சேர்க்காமலும் எண்ணினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது அந்த நீர்த்தேக்கத்தின் நீர்க்காகத் தொகை ஆகாது. இரவில் அடையும் இடத்துக்குச் சுற்றுவட்டாரத்தின் பல நீர்நிலைகளில் மேய்ந்த பறவைகள் வந்து சேரும். பெரிய நீர்க்காகம் இரைக்காக 20 கிலோமீட்டர் தாண்டியும் போய் வரக்கூடியது. குளிர்காலத்தில் வேறெங்கோ கூடு கட்டும் பறவைகளும் வந்து தங்கும். டென்மார்க்கில் காலில் வளையம் போட்டு விடப்பட்ட நீர்க்காகங்கள் துனீசியா வரை போய்க் குளிர்காலத்தைக் கழிப்பது ஆய்வாளர்கள் பதிந்து வைத்திருக்கும் விஷயம். அப்படி வந்து போகிறவற்றையும் சேர்த்து ஒரே மாலையில் எண்ணி, இதுதான் இங்குள்ள தொகை என்பது, நீண்ட விடுமுறைக்கு முந்தைய இரவில் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி ஊரின் மக்கள்தொகை என்று எழுதுவதைப் போன்றது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஆணை முழுவதும் வெறும் 'நீர்க்காகம்' என்றே பேசுகிறது. உலகில் ஏறத்தாழ 40 வகை நீர்க்காகங்கள் இருக்கின்றன. இந்த ஒரு நீர்த்தேக்கத்திலேயே சின்ன நீர்க்காகமும் பெரிய நீர்க்காகமும் ஒரே மரத்தில் அடைகின்றன. பாம்புத்தாராவும் அவற்றோடு கலந்து உட்கார்ந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்புதான். துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் அப்படித்தான் தெரியும். எந்த வகை எத்தனை என்று பிரிக்காத தொகையை வைத்துக்கொண்டு எந்தப் பறவையைப் பற்றி முடிவெடுத்தீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

ஓர் இடத்தின் நீர்க்காகத் தொகை தெரிய வேண்டுமானால் கூடுகளை எண்ண வேண்டும். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஐரோப்பாவில் 2012, 2013 ஆண்டுகளில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே முறையில் நீர்க்காகக் கூடுகளை எண்ணினார்கள். பறவை உட்கார்ந்திருக்கும் கூடு, அல்லது குஞ்சு தெரியும் கூடு ஒன்றென்றால் ஓர் இணை. பழைய கூடு, வெறும் சுள்ளிக் குவியல் எல்லாம் சேராது. கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். எல்லா இணைகளும் ஒரே நாளில் கட்டத் தொடங்குவதில்லை. ஒரு கிளையில் குஞ்சுகள் இறகு முளைத்துக் கூட்டை விட்டு நகரத் தொடங்கியிருக்கும், பக்கத்துக் கிளையில் இன்னொரு இணை அப்போதுதான் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கும். ஒரே முறை போய் எண்ணினால் முன்னாலேயே முடித்தவையும் தாமதமாகத் தொடங்கியவையும் விட்டுப்போகும். எனவே அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், பருவம் முழுக்கப் பல முறை எண்ண வேண்டும். இலை அடர்ந்த மரமென்றால் மேலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், கூடு கட்டாத பறவைகளும் இருக்கின்றன. பெரிய நீர்க்காகம் பொதுவாக மூன்று வயதுவாக்கில்தான் இனப்பெருக்கம் செய்யும். அதுவரைக்கும் உள்ள இளம் பறவைகள் எத்தனை, அவற்றில் எத்தனை முதல் ஆண்டிலேயே இறக்கின்றன என்பதெல்லாம் வளையமிட்டுப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால்தான் தெரியும்.

இது எதுவும் செய்யப்படவில்லை. ஆனால் ஆணையில் 'கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டன' என்று எழுதப்பட்டிருக்கிறது. பெருகியது என்று சொல்ல இரண்டு எண்கள் வேண்டும், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று. உங்களிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் சரியானதில்லை.

அடுத்தது அந்த அரைக்கிலோ. இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது தெரிகிறது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பெரிய நீர்க்காகம் ஒரு நாளில் ஏறத்தாழ 400 முதல் 600 கிராம் மீன் தின்னும் என்பது பல ஆய்வுகளில் வந்த அளவு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மரங்களில் மிகப் பெரும்பாலானவை சின்ன நீர்க்காகங்கள். சின்ன நீர்க்காகத்தின் உடல் எடையே அரைக்கிலோ அளவுதான். தன் எடைக்குச் சமமான மீனை அது தினமும் விழுங்குகிறது என்று அரசு ஆணையில் எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டாமா?

எவ்வளவு தின்கிறது என்பதைவிட எதைத் தின்கிறது என்பது முக்கியம். அதற்கு விடை அந்த மரங்களின் அடியிலேயே கிடக்கிறது. நீர்க்காகம் செரிக்காத எலும்பையும் செதிலையும் ஏறக்குறைய நாளுக்கொரு முறை உருண்டையாகக் கக்கும். வழவழப்பான சவ்வு சுற்றிய, பெருவிரல் பருமனுள்ள சின்னப் பொட்டலம் அது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஊசி முனையால் பிரித்தால் முள், செதில், கண் வில்லை, தொண்டைப் பல் என்று ஒவ்வொன்றாக விலகும். கடைசியில் தட்டின் அடியில் அரிசிக் குருணை போலச் சில வெள்ளைத் துண்டுகள் தங்கும். அவை மீனின் செவிக்கற்கள். ஒவ்வொரு வகை மீனுக்கும் அதன் வடிவம் வேறு. அதன் நீளத்தை அளந்தால் மீன் எவ்வளவு நீளம் இருந்தது என்று கணக்கிடலாம். வயிற்றின் அமிலத்தில் கல் தேய்ந்துபோகும், மிகச் சிறிய மீனின் கல் கரைந்தே போகும் என்பதால் இந்த முறையிலும் குறை உண்டு. அதைச் சரிசெய்து கணக்கிடவும் வழிகள் இருக்கின்றன. நாங்கள் பொறுக்கிப் பிரித்தவற்றில் திரும்பத் திரும்பக் கண்டது விரல் நீளம்கூட இல்லாத, வலையில் விழுந்தாலும் மீனவர்கள் உதறிவிடும் பொடி மீன்களைத்தான். வளர்ப்பு மீன்களும் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவை மீன் குஞ்சு விட்ட சில நாட்களில் பொறுக்கிய உருண்டைகளில்தான் அதிகம் இருந்தன. இந்த ஒரு விஷயத்தை வைத்தே இழப்பைப் பாதியாகக் குறைக்கும் வழியை நீங்கள் யோசித்திருக்கலாம்.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வெளியிலிருந்து கப்பல்கள் எடை சமநிலைக்காக ஏற்றிவரும் நீரோடு வந்து பெருகிய உருண்டைக் கோபி என்ற மீன் அங்கே பெரிய தொல்லை. இரட்டைக்கொண்டை நீர்க்காகங்கள் இன்று அந்தக் கோபியை ஏராளமாகத் தின்கின்றன. வெறும் எடைக் கணக்கில் பார்த்தால் அதுவும் 'மீன்வள இழப்பு' என்றுதான் வரும்.

பிறகு 365. குளிர்காலத்தில் வந்து தங்கிய பறவை வெயில் காலத்தில் அங்கே இருப்பதில்லை. தண்ணீர் வற்றினால் உள்ளூர்ப் பறவையும் இருப்பதில்லை. எங்கள் பதிவுகளில் சில மாதங்களில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. உச்சத்தில் இருந்த நாளின் தொகையை ஆண்டு முழுமைக்கும் நீட்டியிருக்கிறீர்கள். 'நாள் முழுக்க ஏரியிலேயே கிடந்து மீனைக் காலி செய்கின்றன' என்று ஆணையில் ஒரு வரி வருகிறது. ஏரிக்கரையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது உண்மை. இரை தேடும் நேரம் அதில் சிறு பகுதிதான். நீர்க்காகத்தின் இறகில் உடலை ஒட்டிய உள்பகுதி நீர் புகாதது, வெளிப்பகுதி நனையும். நனைவதால்தான் காற்றை வெளியேற்றி எளிதாக மூழ்க முடிகிறது. அதனால்தான் வெளியே வந்து சிறகை விரித்து உலர்த்தவும் வேண்டியிருக்கிறது. கட்டையில் சிறகை விரித்து நிற்கும் பறவையைப் பார்த்து, அது மீன் தின்றுகொண்டிருக்கிறது என்று யாரும் எழுதக் கூடாது.

மூன்று எண்களையும் விடுங்கள். பறவை தின்ற மீன் எல்லாம் மனிதனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மீன் என்ற அனுமானம்தான் இதில் பெரிய பிழை. மீன் குஞ்சுகளில் பெரும்பாலானவை நீர்க்காகம் இல்லாவிட்டாலும் பெரிய மீன்களுக்கு இரையாகி, நோயில் விழுந்து, பட்டினியில் செத்து வளராமலே போகும். அப்படிப் போக இருந்த குஞ்சை நீர்க்காகம் தின்றால் வலைக்கு வந்திருக்கக்கூடியது எதுவும் குறைவதில்லை. இந்த நீர்த்தேக்கத்தில் மீன் குறைந்தது உண்மை. அதே ஆண்டுகளில் நீர்மட்டம் திடீர் திடீரென்று இறக்கப்பட்டு, கரையோரப் புல்லில் இட்ட முட்டைகள் காய்ந்ததையும் பார்த்தோம். கொசுவலை போலச் சன்னமான கண்ணுள்ள வலைகள் இரவில் கட்டப்படுவதையும், வெயில் காலத்தில் ஒரு விடியலில் கரை முழுக்க மீன் செத்து மிதந்ததையும் பார்த்தோம். மூன்றையும் எழுதிக் கொடுத்தோம். அதற்கெல்லாம் ஆணை வரவில்லை. பறவைக்கு வந்திருக்கிறது.

இனி, கொல்வதாலும் விரட்டுவதாலும் என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். இதை யாரும் புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் ஈஸ்ட் சாண்ட் தீவு என்று ஒன்று இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைக்கொண்டை நீர்க்காக இணைகள் கூடு கட்டிய இடம். கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளை அவை தின்கின்றன என்பதால், ராணுவப் பொறியாளர் படை 2015இல் பறவைகளைச் சுடவும் முட்டைகள் பொரிக்காதபடி எண்ணெய் பூசவும் தொடங்கியது. இணைகளை ஏறக்குறைய 5,600 ஆகக் குறைப்பது திட்டம். 2016 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூட்டையும் முட்டையையும் விட்டுவிட்டுத் தீவையே காலி செய்தன. அதன்பின் அந்தத் தீவு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சரி, சால்மன் பிழைத்ததா? பறவைகள் ஆற்றில் மேலே ஏறி, அஸ்டோரியா பாலத்தின் இரும்புச் சட்டங்களில் கூடு கட்டிக்கொண்டன. முகத்துவாரத்தில் இருந்தவரை அவற்றுக்குக் கடல் மீன்களும் இரையாகக் கிடைத்தன. மேலே போன பிறகு அந்த வாய்ப்புக் குறைந்தது, அதனால் ஒரு பறவை தின்னும் சால்மன் குஞ்சுகளின் அளவு கூடியது. பாலத்தின் இரும்பில் எச்சம் படிந்து பராமரிப்புச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் ஆய்வு செய்து, வரைவு எழுதி, பெரும் பணம் செலவழித்து எடுத்த முடிவின் கதை இது. நம்முடையதோ ஒரு மாலைக் கணக்கில் எடுத்த முடிவு.

இங்கேயும் அதன் சிறிய வடிவம் ஒன்று நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கூடு கட்டும் காலத்தில் அந்த மரங்களுக்குக் கீழே வெடி போட்டு விரட்டினார்கள். தாய்ப் பறவைகள் எழும்பிய சில நிமிடங்களில் காக்கைகள் இறங்கின. வெளிர் நீல முட்டைகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தூக்கிப் போவதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த பருவத்தில் ஒரே இடத்தில் இருந்த குடியிருப்பு மூன்றாகச் சிதறியது. அதில் ஒன்று மீன் வளர்ப்புக் குட்டைகளை ஒட்டிய மரங்களில் அமைந்தது. அதுவரை புகார் செய்யாதவர்கள் அந்த ஆண்டிலிருந்துதான் புகார் செய்யத் தொடங்கினார்கள். இப்போது உங்கள் கோப்பில் இருக்கும் புகார்களில் கணிசமானவை அந்தக் குட்டைக்காரர்கள் கொடுத்தவை. மிச்சமுள்ள மரங்களையும் வெட்டினால் பறவைகள் எங்கே போகும் என்று யாராவது யோசித்தீர்களா?

சுட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. குளிர்காலத்தில் ஓர் ஏரியில் சுட்டுக் காலியான இடத்துக்கு வேறு ஏரியிலிருந்து பறவைகள் வந்து நிரப்பும். ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். தொகை குறைந்தால் மிஞ்சிய பறவைகளுக்கு இரையும் நல்ல கூடு கட்டும் இடமும் தாராளமாகக் கிடைக்கும், அவற்றின் பிழைப்பு விகிதம் கூடும், இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். அதே நேரம் ஓர் எல்லையைத் தாண்டிக் கொன்றால் தொகை மீளாமல் சரியவும் கூடும். அந்த எல்லை எங்கே என்பது கூடுகளையும் இளம் பறவைகளையும் எண்ணிய பிறகுதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சுடுபவருக்குத் தெரியாது.

நீர்க்காகங்கள் எப்போதும் பெருகிக்கொண்டே போகும் பறவைகள் என்ற எண்ணம் உங்கள் ஆணையில் அடியோட்டமாக இருக்கிறது. வரலாறு அப்படி இல்லை. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லி நச்சுகளால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடைந்து, 1970இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் மிஞ்சியது வெறும் 89 கூடுகள். 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது, அதே ஆண்டில் பறவைக்கும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 1991இல் கூடுகள் 38,000 ஆயின. அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்தவர்கள் படையெடுப்பு என்றார்கள். முன்னால் நடந்த வீழ்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால் அது மீட்சி. ஜப்பானிலும் பெரிய நீர்க்காகங்கள் 1970களின் தொடக்கத்தில் 3,000க்கும் கீழே போய்த்தான் மீண்டன.

மீளாதவையும் உண்டு. வட பசிபிக்கின் பெரிங் தீவில் 1741இல் இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லர் கண்டு எழுதிய கண்ணாடி நீர்க்காகம் 1850வாக்கில் அடியோடு அழிந்தது. தென்னாப்பிரிக்கக் கரையின் கேப் நீர்க்காகம் நெத்திலியும் மத்தியும் குறைந்ததால் தேய்ந்து வந்தது, 2021இல் பறவைக் காய்ச்சலில் 20,000க்கும் மேல் மடிந்தது. கூட்டமாக வாழும் பறவைக்கு ஒரே பருவம் போதும். அங்கே எத்தனை மடிந்தன, எத்தனை மிச்சம் என்று சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், அதற்கு முன்பே எண்ணி வைத்திருந்தார்கள்.

சுட அனுமதி கொடுத்த நாடுகளும் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. அமெரிக்காவில் 1998இலும் 2003இலும் அப்படி ஆணைகள் போட்டார்கள். மாற்று வழிகளையும் விளைவுகளையும் போதிய அளவு ஆராயாமல் அவற்றை நீட்டித்ததாகச் சொல்லி 2016 மே மாதத்தில் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அதன்பின் பகுதிவாரியாகத் தொகையைக் கணித்து, நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 1,21,504 பறவைகளுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்போடு 2020 இறுதியில் புது விதி கொண்டுவந்தார்கள். அந்த விதியும் எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு வரம்பு இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் 2018இல் முதலில் முன்வைத்தது நாளொன்றுக்கு ஆளுக்கு 50 பறவை, கூடு கட்டும் காலத்திலும் சுடலாம் என்பது. எதிர்ப்பு வந்தபின் 2020இல் அதை 15 பறவை என்றும், செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை மட்டும் என்றும் மாற்றினார்கள். நீங்கள் போட்ட ஆணையில் எண்ணிக்கை வரம்பும் இல்லை, பருவ வரம்பும் இல்லை.

எச்சத்தால் மரங்கள் பட்டுப்போகின்றன என்று ஆணையின் கடைசிப் பத்தி சொல்கிறது. உண்மைதான், பட்டுப்போகின்றன. டொராண்டோவின் டாமி தாம்சன் பூங்காவிலும் இதே சிக்கல் வந்தது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய இரட்டைக்கொண்டை நீர்க்காகக் குடியிருப்பு அங்கேதான். அவர்கள் மரங்களைக் காப்பாற்றச் சில பகுதிகளில் மட்டும் கூடு கட்டவிடாமல் தடுத்து, தரையில் கூடு கட்டும் பறவைகளை அங்கேயே நிலைக்கவிட்டு ஊக்குவித்தார்கள். சின்ன நீர்க்காகம் தரையில் கட்டாது, அதனால் அதை அப்படியே இங்கே செய்ய முடியாது. ஆனால் மரம் பட்டுப்போகும் என்பதற்காக மரத்தையே வெட்டும் தீர்வை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

மீன் வளர்ப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய இழப்பு உண்மையானது. ஏரியில் சிதறிக் கிடக்கும் மீனைப் பிடிப்பதைவிட ஒரு குட்டைக்குள் நெருக்கமாக விட்ட குஞ்சுகளைப் பிடிப்பது எந்தப் பறவைக்கும் எளிது. கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர், காலையில் குட்டையில் இருபது முப்பது நீர்க்காகங்கள் மூழ்கி எழுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அவர்களில் சிலர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குத் தேவை குட்டைக்கு மேலே வலையோ குறுக்குக் கம்பியோ போடுவதற்கான உதவி, மீன்கள் ஒதுங்க நீருக்குள் கம்பிக் கூண்டு மறைவிடங்கள், குஞ்சு சற்றே வளர்ந்த பிறகு விடுவது, பறவைகள் உச்சத்தில் இருக்கும் வாரங்களைத் தவிர்ப்பது. இங்கிலாந்தில் நீருக்குள் மறைவிடங்கள் வைத்துப் பார்த்ததில் நீர்க்காகங்கள் வருவதும் பிடிப்பதும் குறைந்தன. நீங்கள் மரம் வெட்ட ஒதுக்கியிருக்கும் பணத்தில் இதில் பலவற்றைச் செய்யலாம். எங்கோ நீர்த்தேக்கத்தின் நடுவில் உள்ள மரங்களை வெட்டினால் அவர்களுடைய குட்டைகளில் ஒரு மீன்கூடக் கூடுதலாக மிஞ்சப்போவதில்லை.

இப்போது அந்த மரங்களில் கூடுகள் இருக்கின்றன. பொரித்த குஞ்சுகளுக்கு உடலில் ஒரு மயிர்கூட இல்லை, கறுத்த வெறுந்தோல்தான். வெயில் ஏறினால் தாய்ப் பறவை குறுக்கே நின்று நிழல் கொடுக்கிறது, தொண்டைத் தோலைப் படபடவென்று அடித்துக்கொண்டு. அது எழும்பிப் போனால் கொஞ்ச நேரத்தில் குஞ்சு வாடிவிடும். முட்டை அடைகாக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம், பெரிய நீர்க்காகமானால் குஞ்சு பறக்க இன்னும் ஏழு வாரமாவது ஆகும். மரம் வெட்டக் குறித்திருக்கும் தேதி இதற்கு நடுவில் வருகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

மரம் வெட்டும் ஆணையையும் விரட்டும் அனுமதியையும் உடனே நிறுத்தி வையுங்கள். கடைசிக் கூட்டிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும்வரை அந்த மரங்களுக்குக் கீழே ஆளும் படகும் போகக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். சுடும் அனுமதியை நிறுத்தி வைப்பது போதாது, அதை ரத்து செய்யுங்கள். வகை பிரிக்காத, வரம்பில்லாத ஓர் அனுமதி திருத்தத்துக்குரியது இல்லை.

முழுமையான ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிடுங்கள். கூடுகளைக் குறைந்தது மூன்று பருவங்களுக்கு, வகை பிரித்து, ஒவ்வொரு பருவத்திலும் பல முறை எண்ண வேண்டும். அடையும் பறவைகளை மாதந்தோறும், சுற்றியுள்ள எல்லா நீர்நிலைகளிலும் ஒரே நாளில் எண்ண வேண்டும். வளையமிடும் பணியும் உருண்டைகளை வைத்து இரையை அறியும் பணியும் கூடவே நடக்க வேண்டும். அதே காலத்தில் மீனின் தொகையையும் நீர்மட்டத்தையும் வலைக் கண் அளவையும் பதிவு செய்யாவிட்டால், பறவைக் கணக்கை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இதில் எங்கள் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் தருகிறோம், ஆட்களாகவும் வருகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

குட்டை வைத்திருப்பவர்களுக்கான வலை, கம்பி, மறைவிட உதவியை இந்தக் கணக்கெடுப்பு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். அதை அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள்.

அன்று மாலை எண்ணியவர் யார், எங்கே நின்று, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எண்ணினார், எந்த வகையை எத்தனை என்று குறித்தார் என்ற மூலப் பதிவை வெளியிடுங்கள். அப்படி ஒரு பதிவு இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்கு எழுத்துமூலமான பதில் வேண்டும். மரம் வெட்டக் குறித்த தேதிக்குக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன், அந்தத் தேதி ரத்தானது என்ற வரி அதில் இருக்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால், எங்கள் பதிவுகள் அனைத்தோடும் நீதிமன்றத்துக்குப் போவோம்.

இப்படிக்கு,
நீர்த்தேக்கத்தின் நீர்க்காகங்களை எண்ணி வருபவர்களில் ஒருவன்